ஒரு தறிக்கு எத்தனை பேர்? சென்னிமலை நெசவின் கணக்கில் வராத உழைப்பு

ஈரோட்டுக்கும் காங்கேயத்துக்கும் நடுவே, மேட்டுக்காடுகள் சூழ்ந்த நிலத்தில், தனித்து எழுந்து நிற்கும் ஒரு குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது சென்னிமலை. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரை இரண்டு வகையில் தெரியும். 1,320 படிகள் ஏறிச் சென்று கும்பிடும் முருகன் கோயில் ஒன்று. ஜவுளிக் கடைகளில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் சென்னிமலைப் போர்வை மற்றொன்று. மலை மேல் இருக்கும் சாமியின் அபிஷேகத்துக்குப் பொதிகாளைகள் தண்ணீர் சுமந்து படியேறும் வழக்கம் இங்கே உண்டு. மலைக்குக் கீழே உள்ள தெருக்களில் தறிக்குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தவர்கள், அந்தப் படிகளைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக, ஒரே ஒரு போர்வைக்காக மிதியை மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

கொங்கு நாட்டின் தொழில் வரலாற்றைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூர் மில்களில் தொடங்கித் திருப்பூர் பனியனில் முடித்துவிடுவார்கள். கைத்தறி அதில் ஒரு பழைய காட்சியாக வந்து போகும். ஆனால் நின்று யோசிக்க வேண்டிய ஒரு செய்தி இங்கே இருக்கிறது. கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் குழுமத்தாரின் முதல் நூற்பாலை 1888ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. 1930களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்த பிறகு கோயம்புத்தூரைச் சுற்றிலும் மில்கள் வரிசையாக எழுந்தன. ஆலைச் சங்கின் ஓசை கேட்கும் தூரத்தில், அதே பருத்திச் சீமையில், கைத்தறி ஏறக்குறைய நூறு ஆண்டு அழியாமல் நின்றது. அப்படி நின்ற தொழில், பிறகு ஒரே தலைமுறைக்குள் சரிந்தது. நூறு ஆண்டு தாக்குப்பிடித்தது எப்படி, ஒரு தலைமுறையில் சரிந்தது எப்படி என்ற இரண்டு கேள்விகளுக்கும் வழக்கமாக இரண்டு தனித்தனி விடைகள் சொல்லப்படுகின்றன. நின்றதற்குக் கைத்திறன் காரணம் என்றும், சரிந்ததற்கு விசைத்தறி காரணம் என்றும் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. இருந்தாலும் இரண்டுக்கும் பொதுவான ஒரு காரணம் நெசவாளர் வீட்டுக்குள்ளேயே இருந்தது என்பது என் எண்ணம். அதைப் பார்ப்பதற்கு, ஒரு கட்டு நூல் போர்வையாகும் வரை அதன் பின்னால் நடந்து செல்ல வேண்டும்.

நெசவாளர் கைக்கு நூல் கழியாக, அதாவது வளையமாகச் சுற்றிய சிட்டமாக வரும். ஒரு கழி என்பது 840 கஜம்; ஒரு கஜம் மூன்று அடி. ஒரு ராத்தல் (ஏறத்தாழ 454 கிராம்) எடையில் எத்தனை கழி இருக்கிறதோ அதுவே நூலின் நம்பர். 20ஆம் நம்பர் என்றால் ராத்தலுக்கு 20 கழி, அதாவது 16,800 கஜம். இன்றைய அளவில் 15 கிலோமீட்டருக்கு மேல். நம்பர் கூடக் கூட நூல் மெலியும். பத்து ராத்தல் கொண்ட கட்டாக நூல் விற்கப்பட்டது. இந்தக் கழி நூலை அப்படியே தறியில் ஏற்ற முடியாது என்பதுதான் முதலில் கவனிக்க வேண்டிய செய்தி. மில் தன் வேலையை முடித்துவிட்டதாகச் சொல்லும் இடத்தில்தான் நெசவாளர் வீட்டின் வேலை தொடங்குகிறது.

அகலம் 60 அங்குலம், நீளம் 90 அங்குலம் உள்ள ஒரு போர்வையை எடுத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 40 இழை என்று வைத்தால் பாவில், அதாவது துணியின் நீளவாட்டில் ஓடும் நூலில், 2,400 இழைகள் வேண்டும். இருபது போர்வைக்கு ஆகும்படி 50 கஜம் நீளத்தில் பாவு ஓட்டினால் மொத்தம் 1,20,000 கஜம் நூல், ஏழு ராத்தலுக்குச் சற்று கூடுதல். இந்த நூல் முழுவதும் சாயப்பட்டறைக்குப் போய் வந்து, காய்ந்து, பரிவட்டம் என்ற சுழல் சட்டத்தில் மாட்டி, ராட்டையில் சுற்றி, முளைகளுக்கிடையே நடந்து நடந்து ஓட்டப்பட்டு, இழைக்கு இழை முன்பின் மாறாமல் அடுக்கப்பட வேண்டும். இதில் ஒரு வேலையைக்கூடத் தறியில் உட்காருகிறவர் தனியாகச் செய்து முடித்ததில்லை. சாயத்துக்கும் பாவு ஓட்டுவதற்கும் தொழில் தெரிந்த வேறு ஆட்கள் இருந்த ஊர்கள் உண்டு. நூல் சுற்றுவது மட்டும் எல்லா ஊர்களிலும் வீட்டுப் பெண்களின் வேலையாகவே இருந்தது.

அடுத்து வருவது பாவு தோய்ப்பது. கொங்கு நாட்டிலும் அதை அடுத்த சேலத்துப் பக்கத்திலும் நெசவாளர்கள் வாழும் ஊர்களில் ‘பாவடி’ என்று ஒரு திடலோ தெருவோ இருக்கும். இன்று அது பேருந்து நிற்கும் இடமாகவோ, கூட்டம் போடும் மைதானமாகவோ, வெறும் தெருப் பெயராகவோ மாறியிருக்கலாம். பாவை நீட்டிக் கஞ்சி போடுவதற்கென ஒதுக்கிய இடம் அது. விடியலுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். கவைக்கால்களை வரிசையாக நட்டு, இரு முனையிலும் கயிற்றால் இழுத்துக் கட்டிய பாவு, தெருவின் குறுக்கே ஒருவரும் போக முடியாதபடி இடுப்பளவு உயரத்தில் நீண்டு கிடக்கும். அரிசிக் கஞ்சியில் சிறிது எண்ணெய் கலந்து, இழைகள் எல்லாவற்றிலும் இறங்கும்படி தடவுவார்கள். அதன் பிறகு இரண்டு பேர் நாரால் செய்த பெரிய தூரிகையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, பாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராக இழுத்துக்கொண்டே நடப்பார்கள். போய்த் திரும்பி, மீண்டும் போய்த் திரும்பி வருவார்கள். இழைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்வதற்கு முன்னால் காய வேண்டும். ஆனால் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டால் இழை முறுக்கேறி ஒடிந்துபோகும். இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அதற்குள் பாவின் இரு பக்கமும் நின்றவர்கள் அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிந்துகொண்டே வர வேண்டும். குழந்தைகளின் கண் கூர்மையானது என்பதால் அவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள்.

ஐந்தாறு பேர் இல்லாமல் இந்த வேலை ஆகாது. ஒரே குடும்பத்தில் அத்தனை பேர் இல்லாதபோது பக்கத்து வீட்டார் வருவார்கள். அவர்கள் வீட்டுப் பாவுக்கு இவர்கள் போவார்கள். வேளாண்மையில் மாற்றாள் என்று சொல்லும் அதே ஏற்பாடுதான். சில ஊர்களில் கூலி வாங்கிக்கொண்டு பாவு தோய்த்துக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். எப்படியானாலும் காலை ஏழு, எட்டு மணிக்குள் தெரு காலியாகிவிடும். வண்டி மாடுகள் போக வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

பாவு தறிக்கு வந்த பிறகு அதைப் பழைய பாவின் முனையோடு பிணைக்க வேண்டும். சீப்புப் போன்ற அச்சுக்கும், இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதுக்கும் பின்னால் விட்டு வைத்திருக்கும் பழைய இழை ஒவ்வொன்றையும், புதிய இழை ஒவ்வொன்றோடும் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்கி இணைப்பார்கள். நம் கணக்கில் அது 2,400 முறுக்கு. இடையில் ஒரு இழை மாறிப்போனால் போர்வையின் முழு நீளத்துக்கும் அந்தப் பிசகு கோடாக ஓடும். பிணைத்து முடிக்கும் வரை தறி ஓடாது. தறி ஓடாத நாளுக்குக் கூலியும் கிடையாது.

இவ்வளவுக்கும் பிறகுதான் நாம் நெசவு என்று அழைக்கும் வேலை வருகிறது. கொங்கு நாட்டில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, குழிக்குள் இருக்கும் மிதிகளில் காலை வைத்து நெய்வார்கள். ஓட்டு வீடாக இருந்தாலும் கூரை வீடாக இருந்தாலும் நல்ல வெளிச்சம் விழும் இடம் தறிக்குப் போய்விடும். மனிதர்கள் மிச்சமிருக்கும் இடத்தில் படுத்துக்கொள்வார்கள். குழியின் ஈரம் நூல் அறுபடாமல் இருக்க உதவியது. அதே ஈரம் நெசவாளரின் முழங்காலுக்கு என்ன செய்தது என்பதை வயதானவர்கள் எழுந்து நிற்கும்போது பார்த்தால் தெரியும். ஐப்பசி அடைமழையில் குழியில் தண்ணீர் ஊறும். தெருவில் பாவும் போட முடியாது. உழவருக்கு மழை வரவு என்றால் நெசவாளருக்கு அது செலவு.

குறுக்கே ஓடும் நூலுக்கு ஊடை என்று பெயர்; அதைச் சுமந்து ஓடுவது நாடா. அங்குலத்துக்கு 36 ஊடை என்று வைத்தால் 90 அங்குலப் போர்வைக்கு 3,240 முறை நாடா ஓட வேண்டும். அத்தனை முறை மிதி மாற வேண்டும். அத்தனை முறை அச்சால் அடிக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 60 அங்குல நூல் செலவாகும். ஒரு போர்வைக்கு ஊடை நூல் மட்டும் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். நாடாவுக்குள் இருக்கும் தார் என்ற சிறு குழலில் இந்த நூல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொள்ளும். ஒரு தார் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தீர்ந்தவுடன் கை நீட்டினால் அடுத்த தார் தயாராக இருக்க வேண்டும். அதற்காக ஆசாரத்தின் (வீட்டுக் கூடத்தின்) ஓரத்தில் ராட்டையை வைத்துக்கொண்டு ஒரு கிழவியோ, சமையலுக்கு நடுவே வந்து உட்கார்ந்த தாயோ, எட்டு வயதுப் பிள்ளையோ தார் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். நெசவாளர் கையில் ஓடிய அந்த ஐந்து கிலோமீட்டர் நூல் முழுவதும் அதற்கு முன்னால் இவர்களுடைய விரலிடுக்கில் ஓடிய நூல்தான்.

நாடாவைக் கையால் எறிந்த காலத்தில் வேகம் ஒரு அளவில் இருந்தது. கயிற்றை இழுத்தால் நாடா தானாகப் பாயும் அமைப்பை இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார். சென்னை மாகாணத்தில் அதைப் பரப்புவதற்கு ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு நெசவுக்கூடமே நடத்திப் பார்த்தார். ஒரே கூரையின் கீழ் கூலிக்கு உட்கார்ந்து நெய்யும் அந்த ஏற்பாடு நெசவாளர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பாயும் நாடா பின்னாளில் தானாகவே வீடுகளுக்கு வந்துவிட்டது. அது நெசவாளரின் வேகத்தைக் கூட்டியதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நாடா இரு மடங்கு வேகத்தில் ஓடினால் தாரும் இரு மடங்கு வேண்டும் என்பதை எழுதியவர்கள் குறைவு. தறியில் ஏற்பட்ட முன்னேற்றத்தின் சுமையில் பாதி ராட்டையில் இறங்கியது.

இப்போது கூலிக்கு வருவோம். துணி முடிந்ததும், நெய்த துணி சுருளும் படைமரத்திலிருந்து அவிழ்த்து, மடித்து, தோளில் போட்டுக்கொண்டு ஜவுளி முதலாளியின் கடைக்கோ, பிற்காலத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்கோ போவது வீட்டுத் தலைவர். அங்கே அளந்து, எடை பார்த்து, கறை, பிசகு பார்த்து, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தார்கள். புத்தகத்தில் எழுதப்பட்டது ஒரே ஒரு பெயர். சாயம் காயப்போட்டவர், பாவில் இழை முடிந்தவர், தார் சுற்றியவர் ஆகியோரின் வேலையெல்லாம் அந்த ஒரு பெயருக்குள்ளும் ஒரு தொகைக்குள்ளும் அடங்கிவிட்டது. முன்பணம் வாங்கியிருந்தால் அந்தத் தொகையிலும் பிடித்தம் உண்டு. முன்பணப் பாக்கி இருக்கும் வரை வேறு முதலாளியிடம் நூல் வாங்க முடியாது என்பது எழுதாத சட்டம். நோம்பிக்கு (பண்டிகைக்கு) முன் கொஞ்சம் வாங்கி, நோம்பி முடிந்ததும் அதைக் கழிப்பதற்காக நெய்து, அடுத்த நோம்பிக்குள் மறுபடி வாங்கி என்று பாக்கி தலைமுறை தாண்டியும் போனது.

இந்த மறைந்த உழைப்பை அரசு ஒருமுறை எண்ணிப் பார்த்தது. கைத்தறிக்கும் மில்லுக்கும் இடையிலான சிக்கலை ஆராய அமைத்த உண்மை அறியும் குழு, பொருளியல் அறிஞர் பி.ஜே. தாமஸ் தலைமையில் 1942ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. அன்றைய இந்தியாவில் கைத்தறி நெசவாளர்கள் ஏறத்தாழ 24 லட்சம் பேர் என்றும், துணை வேலை செய்தவர்கள் ஏறத்தாழ 36 லட்சம் பேர் என்றும் அக்குழு மதிப்பிட்டது. தறியில் உட்கார்ந்த ஒருவருக்குப் பின்னால் ஒன்றரைப் பேர் என்ற விகிதம் அது.

மில்களின் நடுவே கைத்தறி நின்றதற்கான விடை இந்த விகிதத்தில் இருக்கிறது. நூற்பாலை கைத்தறிக்கு எதிரி என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அது முழு உண்மை இல்லை. மில் நூல் வந்ததால் அழிந்தது ராட்டையில் பஞ்சை நூற்ற பெண்களின் வருமானம். அந்த வருமானத்தில் ஒரு பகுதியை மீட்கும் முயற்சியாகத்தான் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925ஆம் ஆண்டில் காந்தி ஆசிரமம் தொடங்கி, சுற்று வட்டாரத்து ஏழைப் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து நூல் வாங்கினார். நெசவாளரைப் பொறுத்தவரை மில் நூல் ஒரு வசதி. சீரான, வலுவான நூல் வேண்டிய நம்பரில் கிடைத்தது. மில்லுக்கும் கைத்தறிக்கும் போட்டி இருந்தது துணியில். அங்கே மில் ஒவ்வொரு கைக்கும் தனித்தனியாகக் கூலி கொடுத்தாக வேண்டும்: நூல் சுற்றுகிறவருக்கு ஒன்று, பாவு ஓட்டுகிறவருக்கு ஒன்று, கஞ்சி போடும் இயந்திரத்தில் நிற்கிறவருக்கு ஒன்று, தறிக்கு ஒன்று. நெசவாளர் வீடு இரண்டரைப் பேர் வேலையை ஒரு கூலிக்கு விற்றது. மில் துணியின் விலைக்கு இறங்கி நிற்பதற்குக் கைத்தறியிடம் இருந்த மூலதனம் அதுதான். கைத்திறனும் உண்டு, பவானியில் அகலமான ஜமக்காளத்தை ஒரே தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்யும் லாவகம் எந்த விசைத்தறிக்கும் எளிதில் வராது. ஆனால் நாட்டில் நெய்யப்பட்ட சாதாரணத் துண்டும் வேட்டியும் போர்வையும் திறமையைக் காட்டி விற்கப்பட்டவை இல்லை. விலைக்காக விற்கப்பட்டவை.

ஒரு கூலியில் ஒரு குடும்பம் என்ற இந்த ஏற்பாடு நல்ல காலத்திலேயே இழுபறியாகத்தான் ஓடியது. சென்னிமலையில் 1904ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்த குமாரசாமியின் கதை அதற்கு ஒரு சான்று. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தறியில் வரும் வருமானம் போதாமல் அவர் திருப்பூருக்குப் போய்ப் பஞ்சாலை ஒன்றில் எடை போடும் வேலையில் சேர்ந்தார். அன்று பருத்தி வணிகத்துக்கும் கதர் இயக்கத்துக்கும் திருப்பூர்தான் மையம். 1932ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் ஊர்வலத்தில் காவலர்களின் தடியடிபட்டு, கொடியைக் கைவிடாமல் விழுந்து, மறுநாள் உயிர் துறந்த திருப்பூர் குமரன் அவர்தான். கொடி காத்த கதையை நாடு முழுவதும் அறியும். அந்த இளைஞர் திருப்பூரில் இருந்ததற்கே சென்னிமலைத் தறிக்கூலி ஒரு காரணம் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். தறியை விட்டுப் போவது 1980களில் தொடங்கிய பழக்கம் என்று நினைப்பது தவறு. போகிறவர்களின் எண்ணிக்கைதான் பிறகு மாறியது.

போர்க்காலத்தில் நூல் கிடைப்பது அரிதாகி, 1943ஆம் ஆண்டு முதல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாடு வந்தது. நூல் இல்லாதவருக்குத் தறி வெறும் மரச்சட்டம். கூட்டுறவுச் சங்கங்கள் பெருகியதற்கு இந்த நெருக்கடி ஒரு பெரிய காரணம். மாகாண அளவில் பின்னர் கோ-ஆப்டெக்ஸ் என்று பெயர் பெற்ற அமைப்பு 1935ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டிருந்தது. சென்னிமலையில் சங்கங்களைக் கட்டி எழுப்பியவர்களில் முதன்மையாக நினைக்கப்படுபவர் பத்மஸ்ரீ விருது பெற்ற எம்.பி. நாச்சிமுத்து. சென்டெக்ஸ் என்ற பெயரில் ஊரின் துணி வெளிநாடு வரை போனதற்கும், துண்டும் வேட்டியும் நெய்த ஊர் படுக்கை விரிப்பு, திரைச்சீலை, தலையணை உறை என்று திரும்பியதற்கும் அந்தக் கூட்டுறவு அமைப்பே அடிப்படை.

சங்கம் என்ன மாற்றியது என்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த அடி நேராக நெசவாளர் மேல் விழாமல் நடுவில் ஒரு தாங்கல் ஏற்பட்டது. முன்பணக் கட்டு தளர்ந்தது. கூலி ஒரு பொது விகிதத்துக்கு வந்தது. போனஸ் என்ற சொல் நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்தது. செங்குந்தர், தேவாங்கர் என்று வழிவழியாக நெய்த சாதியாரோடு மற்றவர்களும் தறி கற்றுச் சங்கத்தில் உறுப்பினராகும் வாய்ப்பு மெல்ல மெல்ல வந்தது. அதற்கு முன் தறி கற்க வேண்டுமென்றால் தறி இருக்கும் வீட்டில் பிறந்திருக்க வேண்டும். தார் சுற்றுவதில் தொடங்காமல் நெசவு கற்றவர் எவரும் இல்லை. காட்டு வேலைக்குப் பண்ணையாளாகக் கட்டுண்டு கிடந்த ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு அந்தத் தறிவீட்டின் கதவு நெடுங்காலம் மூடியே இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மாறாமல் இருந்தது ஒன்று உண்டு. சங்கத்தின் பதிவேட்டிலும் தறிக்கு ஒரு பெயர்தான். கூலி அப்போதும் உருப்படிக்குத்தான். நூல் சுற்றும் கூலி, பாவுக் கூலி என்று துணியின் விலைக் கணக்கில் தனித்தனியாக எழுதப்பட்டாலும், அந்தப் பணம் வீட்டுத் தலைவர் கையில் மொத்தமாக வந்து சேர்ந்தது. ராட்டையில் உட்கார்ந்த பெண் கையில் காசாக எதுவும் விழவில்லை.

1952, 1953ஆம் ஆண்டுகளில் கைத்தறித் துணி விற்காமல் தேங்கியபோது சென்னை மாகாணமே கலங்கியது. வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று அன்றைய முதலமைச்சர் ராஜாஜி மத்திய அரசை வற்புறுத்தினார். அவருக்கு எதிரணியில் இருந்த அண்ணாவும் திமுகவினரும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத் தெருவாகக் கூவி விற்றார்கள். எதிரெதிர் அரசியல் இரண்டும் ஒரே துணியைப் பிடித்துக்கொண்ட காலம் அது. மில் துணி மீது கூடுதல் தீர்வை விதித்து, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிடும் சட்டம் 1953ஆம் ஆண்டில் வந்தது. அதற்குப் பிறகு தள்ளுபடி, 1976ஆம் ஆண்டில் ஜனதா துணித் திட்டம், 1983ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசின் இலவச வேட்டி சேலைத் திட்டம் என்று ஒவ்வொன்றாக வந்து தறிகளை ஓட வைத்தன. 1985ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியது. பின்னர் அது 11 ஆகக் குறைந்தது. அந்தப் பதினொன்றிலும் படுக்கை விரிப்பு இருக்கிறது. சென்னிமலையைப் பொறுத்தவரை சட்டம் அதன் பக்கமே நின்றது.

அப்படியிருந்தும் தறிகள் நின்றன. விசைத்தறி ஒதுக்கீட்டை மீறி நெய்ததும், அதைத் தடுக்க வேண்டியவர்கள் கண்ணை மூடிக்கொண்டதும் உண்மை. பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர், பல்லடம் பக்கங்களில் விசைத்தறி ஓசை இரவும் பகலும் ஓயாமல் கேட்டது. ஆனால் மில்லோடு நூறு ஆண்டு மல்லுக்கு நின்ற தொழிலை விசைத்தறி மட்டும் வீழ்த்தியிருக்க முடியாது. தறிக்குப் பின்னால் இருந்த ஒன்றரைப் பேர் எழுந்து போனதுதான் பெரிய மாற்றம் என்று நான் கருதுகிறேன்.

முதலில் போனவர்கள் பிள்ளைகள். காமராஜர் காலத்தில், 1956ஆம் ஆண்டில் தொடங்கிய மதிய உணவும், 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் தார் சுற்றிய கைகளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டன. அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்தான் தறிக்கூலியில் மிச்சம் பிடித்து நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு பெண்கள் போனார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளின் வண்டி ஊர் ஊராக வந்து ஆள் ஏற்றியது. பக்கத்திலேயே பெருந்துறையில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. வீட்டு ராட்டையில் நாள் முழுவதும் உட்கார்ந்து கையில் காசு காணாத பெண், கம்பெனியில் வார இறுதியில் தன் பெயருக்குச் சம்பளக் கவர் வாங்கினாள். அந்தக் கவரை வாங்கிய பிறகு மறுபடியும் ராட்டைக்குத் திரும்பச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. தறிக்காரருக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் வழக்கமும் இந்தக் காலத்தில்தான் வெளிப்படையாகப் பேசப்பட்டது. மருமகளாகப் போகும் பெண்ணுக்கு அங்கே காத்திருக்கும் கூலியில்லா வேலை எது என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களும் அதே வேலையைச் செய்தவர்கள்தானே.

வீட்டில் ஆள் இல்லாமல் போனதும் அதுவரை சும்மா கிடைத்த வேலை ஒவ்வொன்றுக்கும் விலை வந்தது. பாவு தெருவில் நீள்வது நின்றது; கஞ்சி போட்டுச் சுற்றிய பாவு உருளையாகவே வெளியிலிருந்து வாங்கப்பட்டது. பிணைக்க ஆள் தேடிக் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. தார் சுற்றச் சிறிய மோட்டார் வைத்த ராட்டைகள் வந்தன. இவை வேலையை எளிதாக்கின. ஆனால் இவற்றின் செலவு முழுவதும் உருப்படிக் கூலியிலிருந்தே போயிற்று. மில்லைப் போலவே கைத்தறியும் ஒவ்வொரு கைக்கும் தனித்தனியாகக் கொடுத்தாக வேண்டிய நிலை வந்தபோதுதான், அந்தக் கூலி உண்மையில் எவ்வளவு சிறியது என்பது வீட்டுக்கே தெரிந்தது.

2019-20ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளர்கள் 26.73 லட்சம் பேர், துணைத் தொழிலாளர்கள் 8.48 லட்சம் பேர். 1942ஆம் ஆண்டின் மதிப்பீடு பிரிவினைக்கு முந்தைய நாட்டுக்கு உரியது. எண்ணிய முறையும் வேறு. அதனால் இரண்டையும் தட்டில் வைத்து நிறுக்க முடியாது. இருந்தாலும் தறிக்கு ஒன்றரைப் பேர் இருந்த இடத்தில் இன்று மூன்று தறிக்கு ஒருவர் என்ற அளவில் துணை சுருங்கியிருப்பது, எண்ணும் முறையில் உள்ள வேறுபாட்டால் மட்டும் வந்ததாகத் தோன்றவில்லை. அதே கணக்கெடுப்பின்படி இத்தொழிலில் இருப்போரில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். ராட்டையிலிருந்து எழுந்த பெண்களில் ஒரு பகுதியினர் கம்பெனிக்குப் போனார்கள். வயது காரணமாகவோ வீட்டை விட முடியாததாலோ போக முடியாதவர்கள், ஆண்கள் எழுந்து போன தறியில் வந்து உட்கார்ந்தார்கள்.

சென்னிமலைத் தெருக்களில் தறியோசை இப்போதும் கேட்கிறது. ஆனால் அடுத்தடுத்த வீடுகளிலிருந்து ஒன்றன் மேல் ஒன்று விழுந்த பழைய ஓசை இல்லை. ஒரு வீட்டில் கேட்டு, நான்கு வீடு தள்ளி மறுபடியும் கேட்கும். அந்த ஓசையும் இடையிடையே நிற்கும். தார் தீர்ந்திருக்கும். எடுத்துக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லாததால், நெய்கிற பெண்ணே குழியிலிருந்து காலை எடுத்து, எழுந்து போய், முந்தின இரவு சமையல் முடித்துத் தானே சுற்றி வைத்த கூடையிலிருந்து அடுத்த தாரை எடுத்து வந்து நாடாவுக்குள் போட்டுக்கொள்கிறாள்.